எண்ணெய் குறைச்ச சமையலுக்கு அளவோட சொல்ற புத்தகம் எது? நம்ம ஊர் சாப்பாட்டுக்கு வேணும்

சத்துவாச்சாரி_மாடிவீடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல நாலு பேர். ரெண்டு பேருக்கு அறுபது தாண்டியாச்சு. ஒருத்தருக்கு பி.பி., இன்னொருத்தருக்கு சர்க்கரை எல்லையில நிக்குது. எண்ணெயைக் குறைங்க, உப்பைக் குறைங்க, சோத்தைக் குறைங்கன்னு டாக்டர் சீட்டுல எழுதியிருக்கு. எவ்வளவு, எப்படிங்கறது சீட்டுல இல்ல.

கடையில 'ஆரோக்கிய சமையல்'னு அட்டை போட்ட புத்தகங்களைப் புரட்டினா பாதியில ஓட்ஸும் ப்ரோக்கோலியும். மீதிப் பாதியில 'எண்ணெய் தேவையான அளவு'. தேவையான அளவு எவ்வளவுன்னு தெரிஞ்சா புத்தகம் எதுக்கு?

வீட்டுல ஆகுறது இதுதான்: காரக்குழம்பு, கத்தரிக்காய், கீரை கடைஞ்சது, இட்லி தோசை, எப்பவாவது கேவுரு (கேழ்வரகு) களி, ஞாயித்துக்கிழமை பிரியாணி. இதையே லேசா செய்யச் சொல்லித் தர்ற புத்தகமோ, தளமோ, இலவசமா கிடைக்கிற கையேடோ இருந்தா சொல்லுங்க. எதை நம்பி வாங்கலாம், எதைத் தொடவே கூடாதுன்னும் சொல்லுங்க.

---

உணவியல்_காட்பாடி:

புத்தகம் தேடறதுக்கு முன்னாடி மளிகை பில்லை எடுங்க. மாசத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய், எவ்வளவு நெய் வாங்கறீங்க?

கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. ஹைதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாசம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பிச்சு வெளியிட்டது. இணையத்துல இலவசமா இறக்கிக்கலாம். அதுல 2000 கலோரிக்கு ஒரு நாள் தட்டு போட்டிருக்காங்க: தானியம் 250 கிராம், பருப்பு 85, கீரையும் சேர்த்துக் காய்கறி 400, பழம் 100, பால் தயிர் 300 மி.லி., கொட்டை விதை 35, எண்ணெய் நெய் எல்லாம் சேர்ந்து 27 கிராம். தானியமும் பருப்பும் சமைக்கறதுக்கு முந்தின எடை.

27 கிராமை நாலு பேருக்கு, முப்பது நாளுக்குப் பெருக்கினா 3240 கிராம். ஒரு லிட்டர் பாக்கெட்டுல எண்ணெய் 910 கிராம்தான் இருக்கும், பாக்கெட் மேலயே அச்சடிச்சிருப்பாங்க. ஆக, நெய்யையும் சேர்த்து மாசம் மூணரை பாக்கெட். அஞ்சு பாக்கெட் தீருதுன்னா எந்தப் புத்தகம் வாங்கினாலும் பிரயோஜனம் இல்ல, முதல்ல அந்த ஒன்றரையை எங்க விடறீங்கன்னு பாக்கணும். மூணரைக்குள்ள முடியுதுன்னாலும் கடை பஜ்ஜி, பரோட்டா கணக்குல வரலைங்கறதை மறந்துடாதீங்க. உங்க வீட்டு ரெண்டு பெரியவங்களுக்கு 2000 கலோரியே கொஞ்சம் கூடுதலா இருக்கலாம், அதை அவங்க எடை பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

உப்புக்கும் இதே வழி. ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், நாலு பேருக்கு மாசம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் அம்பது நாள் வரணும்.

இனி, கையில வச்சுக்க வேண்டிய ஒரே புத்தகம் எதுன்னு கேட்டா நான் சமையல் புத்தகத்தைச் சொல்ல மாட்டேன். அதே நிறுவனம் 2017-ல வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைச் சொல்வேன். 528 உணவுப் பொருள், ஒவ்வொண்ணுக்கும் 100 கிராமுக்கு என்னென்ன இருக்குன்னு. நம்ம கேழ்வரகு, சாமை, கொள்ளு, முருங்கைக்கீரை எல்லாம் உண்டு. படிக்கும்போது ரெண்டு இடத்துல தடுக்கும். ஒண்ணு, ஆற்றலைக் கலோரியில போடாம கிலோஜூல்ல போட்டிருப்பாங்க. 4.184-ஆல வகுத்துக்கணும். வெள்ளை அரிசி 1491-ன்னு இருக்கும், பயந்துடாதீங்க, அது 356 கலோரி. ரெண்டாவது, பெரும்பாலும் பச்சைப் பொருளோட கணக்கு. வடிச்ச சோத்தை எடை போட்டு அரிசிக் கணக்குல பெருக்கினா ரெண்டு மூணு மடங்கு தப்பு வரும்.

ஒரு டிஜிட்டல் தராசு, 5 மி.லி. டீஸ்பூன், 15 மி.லி. டேபிள்ஸ்பூன், இந்த அட்டவணை. இவ்வளவு இருந்தா உங்க வீட்டுக் குறிப்பு எதையும் நீங்களே ஆரோக்கியக் குறிப்பா மாத்திக்கலாம். எண்ணெய் ஒரு டீஸ்பூன் சுமார் 40 கலோரி, டேபிள்ஸ்பூன் 120. கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, ஆலிவா, தேங்காய் எண்ணெயா, எதுவா இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கடையில புத்தகம் வாங்கியே ஆகணும்னா நின்ன இடத்துலயே இப்படிச் சோதிங்க. நடுவுல ஏதாவது ஒரு குழம்பைத் திறங்க. எத்தனை பேருக்குன்னு இருக்கா? எண்ணெய்க்கு எண் இருக்கா? ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் மூடி வச்சுடுங்க. சத்துக் கணக்கு போட்டிருந்தா அதையும் ஒரு தடவை பெருக்கிப் பாருங்க: மாவுச்சத்து கிராமை 4-ஆல, புரதத்தை 4-ஆல, கொழுப்பை 9-ஆல பெருக்கிக் கூட்டணும். மாவுச்சத்து 30, புரதம் 6, கொழுப்பு 4, மொத்தம் 90 கலோரின்னு போட்டிருந்தா அது பொய்க்கணக்கு. 120, 24, 36 கூட்டினா 180 வரும். அஞ்சு பத்து வித்தியாசம் பரவாயில்ல, பாதிக்குப் பாதி இடிச்சா ஆசிரியர் கணக்கே போடலைன்னு அர்த்தம்.

இன்னொரு அடையாளம், இனிப்புப் பகுதி. சர்க்கரைக்குப் பதிலா வெல்லம், கருப்பட்டி, தேன் போட்டா சர்க்கரை நோயாளியும் சாப்பிடலாம்னு எழுதியிருந்தா அந்தப் புத்தகத்தை அப்படியே அலமாரியில திருப்பி வச்சுடுங்க. வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் கலோரியில பெரிய வித்தியாசம் கிடையாது, ரத்தத்துல சர்க்கரை ஏறும் விஷயத்துலயும் நம்பற அளவுக்குக் கிடையாது. 'எண்ணெயே இல்லாத குருமா'ன்னு தலைப்பு போட்டு முந்திரி விழுதும் கெட்டித் தேங்காய்ப்பாலும் ஊத்தறதும் இதே ரகம்தான்.

---

கரண்டி_குடியாத்தம்:

மேல சொன்ன கணக்கு சரி. ஆனா கணக்கு தெரிஞ்சும் சமையல் கெட்டுப்போற இடம் வேற. வழக்கமான குறிப்புல எண்ணெயை மட்டும் பாதியாக்கினா மசாலா அடிபிடிக்கும், பச்சை வாடை போகாது, வீட்டுல யாரும் சாப்பிட மாட்டாங்க. எண்ணெயைக் குறைச்சா செய்முறையும் மாறணும். இதைச் சொல்லாத புத்தகம் வீண்.

முக்கியமா, 'எண்ணெய் பிரியும் வரை வதக்கவும்'ங்கற வரி. ரெண்டு டீஸ்பூன் எண்ணெயில செய்யும்போது பிரியறதுக்கு அங்க எண்ணெயே இருக்காது. அதுக்காகக் காத்திருந்தா தீஞ்சுதான் போகும். அதுக்குப் பதிலா மூணு அடையாளம் பாருங்க: மசாலா சட்டி ஓரத்தை விட்டு உருண்டு வரும், நிறம் ஒரு படி கருக்கும், மூக்குல மிளகாய்த்தூள் நெடி போய் வறுத்த வாசனை வரும்.

வெங்காயம் வதக்க: கனமான இரும்புச் சட்டி, ஒரு டீஸ்பூன் எண்ணெய், வெங்காயம் போட்டதும் கால் டீஸ்பூன் உப்பு. மூடி போட்டு சின்னத் தீயில 5 நிமிஷம். உப்பு வெங்காயத்துத் தண்ணியை இழுத்து விடும், அந்தத் தண்ணியிலயே வேகும். அப்புறம் மூடியை எடுத்துட்டுத் தீயைக் கூட்டுங்க. அடியில பழுப்பா ஒட்ட ஆரம்பிச்சதும் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணி தெளிச்சுக் கரண்டியால சுரண்டுங்க. மூணு நாலு தடவை இப்படிச் செஞ்சா நிறம் வந்துடும். மெலிசான அலுமினியச் சட்டியில இது நடக்காது, ஒட்டின இடம் பழுப்பாகறதுக்குள்ள கரியாயிடும். போட்ட உப்பை மொத்த உப்புல கழிச்சுக்கோங்க.

தாளிப்பைக் கடைசியில வைங்க. மிளகாயோட காரமும், மஞ்சள், மிளகாய் ரெண்டோட நிறமும் கொழுப்புலதான் கரையும். ஒரு டீஸ்பூன் எண்ணெயை முதல்லயே சட்டியில ஊத்தினா குழம்புல காணாமப் போயிடும். அதே ஒரு டீஸ்பூனைச் சின்னத் தாளிப்புக் கரண்டியில காயவச்சு, ஒரு பக்கமா சாய்ச்சுக் கடுகைப் பொரியவிட்டு இறக்கும்போது கொட்டினா மேலாப்பல மிதக்கும். நாக்குல முதல்ல படறது அதுதான்.

இப்ப கத்தரிக்காய். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அரை கிலோ காய்க்கு 100 மி.லி. எண்ணெய்னு பல குறிப்புல இருக்கும். எண்ணெய் மட்டுமே 820 கலோரி ஆச்சு, நாலா பிரிச்சா ஆளுக்கு 205. கத்தரிக்காய் சதை பஞ்சு மாதிரி, உள்ள காத்து. சூடான எண்ணெயில போட்டதும் காத்து போற இடத்துல எண்ணெய் ஏறிக்கும். முதல்ல ஆவியில வேகவச்சா அந்தப் பஞ்சு அமுங்கிடும், அப்புறம் எண்ணெய் இழுக்காது. ரகசியம் அவ்வளவுதான்.

இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் அரை கிலோ (2023-ல புவிசார் குறியீடு வாங்கினது, வேலூர் டோல்கேட் உழவர் சந்தையில காலையிலேயே போனா பிஞ்சா பொறுக்கலாம்). காம்போட நாலா கீறி உப்புத் தண்ணியில போடுங்க, கருக்காது. இட்லிப் பானையில 8 நிமிஷம், அதுக்கு மேல போனா குழையும். வறுக்க: மல்லாட்டைப் பயறு (நிலக்கடலை) 30 கிராம், எள் 10 கிராம், தனியா ஒரு டேபிள்ஸ்பூன், காய்ஞ்ச மிளகாய் 6. எண்ணெய் இல்லாம வெறும் சட்டியில, எள்ளைக் கடைசியில போட்டு வெடிச்சதும் எடுத்துடுங்க. எள் ஒரு நிமிஷம் கூடினாலும் மொத்த மசாலாவும் கசக்கும். சின்ன வெங்காயம் 100 கிராம், தக்காளி 150 கிராமை மேல சொன்ன மாதிரி வதக்கி, அரைச்ச மசாலாவும் எலுமிச்சம்பழ அளவு புளியில பாதி கரைச்சலும் ஊத்தி 7 நிமிஷம் கொதிக்கவிட்டு, வெந்த காயைப் போட்டு இன்னும் 5 நிமிஷம். எண்ணெய் மொத்தம் 4 டீஸ்பூன், வதக்க ஒண்ணு, கடைசித் தாளிப்புக்கு மூணு. ஆளுக்கு ஏறக்குறைய 160 கலோரி வரும். கடலையும் எள்ளும் தர்ற கொழுப்பே குழம்புக்குக் கனம் கொடுத்துடும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் மிதக்கற காரக்குழம்பு வெளியில ரெண்டு நாள் நிக்கும், இது நிக்காது. நம்ம ஊர் சித்திரை வைகாசி வெயில்ல சாயங்காலத்துக்குள்ள ஃபிரிட்ஜுல வைங்க, மறுநாளோட முடிச்சுடுங்க.

---

சத்துவாச்சாரி_மாடிவீடு:

மளிகை பில்லைப் பாத்தேன். எண்ணெய் நாலரை பாக்கெட், நெய் அரை கிலோ. ஒண்ணும் சொல்லறதுக்கில்ல.

ரெண்டு சந்தேகம். பழைய தமிழ் சமையல் புத்தகங்கள் இதுக்கு உதவுமா? அரிசிக்குப் பதிலா சாமை, கேவுருன்னு மாறிட்டா கலோரி குறையுமா?

---

பழையபேப்பர்_ஆற்காடு:

முதல் கேள்விக்கு நான் சொல்றேன்.

பழசுல அடித்தளம் எஸ். மீனாட்சி அம்மாளோட 'சமைத்துப் பார்'. முதல் பாகம் 1951-ல வந்தது. லேசான சாப்பாட்டுக்குன்னு எழுதினது இல்ல. அதுல இருந்து செய்முறையை எடுத்துக்கோங்க, எண்ணெய் நெய் அளவை உங்க கணக்குக்குக் குறைச்சுக்கோங்க. தினசரி சமையல்ல பொரியல், கூட்டு, ரசம் மாதிரி ஏற்கெனவே லேசா இருக்கறதை எல்லாம் ஒரே இடத்துல தேடி எடுக்கலாம். அந்தக் காலத்துப் புத்தகங்கள்ல ஆழாக்குக் கணக்கு வரும். ஒரு ஆழாக்கு 168 மி.லி., எட்டு ஆழாக்கு ஒரு படி. ரைஸ் குக்கரோட வர்ற கப் 180 மி.லி., அதனால ஆழாக்குக்கு அதையே வச்சுக்கிட்டா பெரிய தப்பு வராது.

பெண்கள் பத்திரிகைகளோட வர்ற '30 வகை' இணைப்புகளைத் தூக்கிப் போடாதீங்க. பழைய பேப்பர் கடையில எடைக்குக் கிடைக்கும். முப்பதுல எட்டுத்தான் தேறும், ஆனா அந்த எட்டு நம்ம ஊர்ச் சமையலா இருக்கும். பென்சிலை வச்சுக்கிட்டு உட்கார்ந்து, எண்ணெய்க்கு எண் இல்லாததை எல்லாம் அடிச்சுடுங்க. மாவட்ட மைய நூலகத்துல சமையல் அலமாரி இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி இரவல் எடுத்து ரெண்டு குறிப்பு செஞ்சு பாருங்க, காசு மிச்சம்.

வெளிநாட்டுப் புத்தகங்களையும் ஒதுக்க வேண்டாம். குறைஞ்ச கொழுப்புச் சமையலை அவங்க கிராம் கணக்குல ரொம்ப நாளா எழுதிட்டிருக்காங்க. 'குக்கிங் லைட்'னு ஒரு அமெரிக்கப் பத்திரிகை 1987-லேர்ந்து 2018 வரைக்கும் இதுக்காகவே வந்தது. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழ சத்துக் கணக்கு இருக்கும். அதோட பழைய ஆண்டுத் தொகுப்புகள் பழைய புத்தகக் கடைகள்ல கண்ணுல பட்டா விடாதீங்க. அங்க இருந்து எடுத்துக்க வேண்டியது பதார்த்தத்தை இல்ல, உத்தியை. காயை ஓவன்ல சுட்டுச் சூப் கெட்டியாக்கறது, தயிரை வடிகட்டிக் க்ரீமுக்குப் பதிலா போடறது, இந்த மாதிரி.

அளவுலதான் ஏமாறுவோம். அமெரிக்கக் கப் 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250. டேபிள்ஸ்பூன் எல்லா ஊர்லயும் 15 மி.லி., ஆஸ்திரேலியாவுல மட்டும் 20. எண்ணெயில அந்த 5 மி.லி. வித்தியாசம் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் 40 கலோரி. அவங்க ஓவன் 350 டிகிரின்னா ஃபாரன்ஹீட், நம்ம ஓவன்ல 180 வைங்க. பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் தளத்துல இலவசக் குறிப்புகள் இருக்கு, பரிமாறும் அளவுக்கு உப்பு எத்தனை கிராம்னு தனியா போட்டிருப்பாங்க. பி.பி. இருக்கிற வீட்டுக்கு அது நல்ல மாதிரி. இந்தியச் சமையல்ல கலோரி போட்டு எழுதினவங்கள்ல தர்லா தலால் முக்கியமானவங்க. அவங்க பேர்ல இருக்கிற தளத்துல ஒவ்வொரு குறிப்புக்கும் சத்து விவரம் இருக்கு. வடநாட்டு ருசி தூக்கலா இருக்கும், பருப்பு, சுண்டல் வகைகளை நம்ம தாளிப்புக்கு மாத்திக்கலாம்.

யூடியூபைப் பத்தி ஒரே வரி: 'ரெண்டு ஸ்பூன் எண்ணெய்'னு வாய் சொல்லும்போது கை ஊத்தறதைப் பாருங்க.

---

ஜவ்வாது_சாமை:

ரெண்டாவது கேள்வி நம்மளோடது. சிறுதானியம் விக்கறவங்க யாரும் சொல்ல விரும்பாத பதில்: கலோரி குறையாது.

அதே 2017 அட்டவணையில வெள்ளை அரிசி 356 கலோரி, சாமை ஏறக்குறைய 346, கேழ்வரகு 321. இது ஒரு வித்தியாசமா? நார்ச்சத்துலதான் விஷயம் இருக்கு. அரிசியில 100 கிராமுக்கு 3 கிராம்கூட இல்ல, சாமையில 7-க்கு மேல, கேழ்வரகுல 11. கேழ்வரகுல சுண்ணாம்புச்சத்து 350 மி.கி.க்கு மேல. நார் இருக்கறதால குறைச்சலாச் சாப்பிட்டாலும் வயிறு நிக்கும், அதுதான் லாபம். அதே அளவு சாமைச் சோத்தை அதே அளவு குழம்போட சாப்பிட்டுட்டு எடை குறையலைன்னா சாமை மேல குத்தம் இல்ல. மாவா அரைச்சு மெலிசா கஞ்சி காய்ச்சினா சர்க்கரை சீக்கிரமா ஏறும்ங்கறதையும் நினைவுல வைங்க. முழுசா வேகவச்ச சாமையும் சாமை மாவுக் கஞ்சியும் ஒண்ணு கிடையாது.

தீட்டல் விஷயத்தையும் பாருங்க. கடையில வெள்ளையா பளபளன்னு இருக்கிற சாமை நார் போன சாமை. பழுப்பு கலந்து மங்கலா இருக்கறதைக் கேட்டு வாங்குங்க. அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால ஒரு கிலோவுக்கு மேல வாங்காதீங்க. அரை மணி ஊறவச்சு, ஒரு பங்குக்கு ரெண்டரை பங்கு தண்ணி, பாத்திரத்துல மூடி 12 நிமிஷம், இறக்கி 10 நிமிஷம் மூடியபடி விடுங்க. குக்கர்ல மூணு விசில் விட்டா கூழாயிடும்.

குறிப்புக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட வேளாண் இணையதளத்துல சிறுதானியப் பகுதியைப் பாருங்க, தமிழ்லயே கிராம் கணக்கோட இருக்கு. ஆனா அது விக்கறதுக்குச் செய்யறவங்களை மனசுல வச்சு எழுதினது. முறுக்கு, பிஸ்கட், லட்டு பக்கங்களைத் தாண்டிட்டு இட்லி, உப்புமா, அடை பக்கம் போங்க. விரிஞ்சிபுரத்துல இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துல சிறுதானியப் பயிற்சி ஏதாவது வச்சிருக்காங்களான்னு போன் போட்டுக் கேக்கலாம்.

கூழுக்கு எந்தப் புத்தகத்துலயும் சரியான அளவு பாத்ததில்ல, அதனால இங்கயே எழுதிடறேன். கேவுரு மாவு 100 கிராமை 300 மி.லி. தண்ணியில கட்டியில்லாம கரைச்சு ராத்திரி முழுக்கப் புளிக்க விடுங்க. கத்திரி வெயில் நாள்ல 5 மணி நேரமே போதும், மேல போனா புளிப்பு தலைக்கேறும். நொய் 50 கிராமை அரை லிட்டர் தண்ணியில குழைய வேகவச்சு, தீயைக் குறைச்சு, புளிச்ச மாவைக் கலக்கி ஊத்திக்கிட்டே கிண்டுங்க. காய்ஞ்ச மாவை நேரா கொதியில கொட்டினா கட்டி தட்டி நடுவுல வேகாம நிக்கும். 12 நிமிஷம். ஈர விரலால தொட்டா ஒட்டக்கூடாது. ஆறினதும் உருட்டித் தண்ணியில போட்டு வைங்க, மறுநாள் மோர் ஊத்திக் கரைங்க. மொத்தம் 500 கலோரி, மூணு நாலு பேர் குடிக்கலாம். தொட்டுக்கப் பச்சை வெங்காயம் போதும். மோர் மிளகாயை எண்ணெயில பொரிச்சு நாலு நாலா கடிச்சா உப்புக் கணக்கு அங்கயே உடைஞ்சுடும்.

---

கரண்டி_குடியாத்தம்:

பிரியாணி விட்டுப்போச்சு. ஞாயித்துக்கிழமையை யாரும் தியாகம் பண்ண வேண்டாம்.

நாலு பேருக்குச் சீரக சம்பா 250 கிராம், தோல் நீக்கின கோழி 300 கிராம், எண்ணெய் 4 டீஸ்பூன். கிலோ அரிசிக்குக் கால் லிட்டர் எண்ணெய்ங்கற கணக்குல பாத்தா இதுக்கு 60 மி.லி.க்கு மேல ஆகியிருக்கும். இப்ப மொத்தமா ஏறக்குறைய 350 கலோரி மிச்சம், ஆளுக்கு ஒரு தட்டு 400-க்குள்ள நிக்கும். ஆம்பூர் பக்கத்து ருசிக்குக் காய்ஞ்ச மிளகாய் 8-ஐ வெந்நீர்ல ஊறவச்சு அரைங்க. எண்ணெய் குறைச்சலா இருக்கும்போது அந்த விழுதோட பச்சை வாடைதான் பிரச்சினை. வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளியோட சேர்த்து மூடி போட்டு 8 நிமிஷம் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வதக்கின அப்புறம்தான் கோழியைப் போடணும். தயிர் 50 கிராம், அதைத் தீயைக் குறைச்சுட்டு அடிச்சு ஊத்துங்க, கொழுப்பெடுத்த தயிர்னா கால் டீஸ்பூன் அரிசி மாவு கலந்துக்கோங்க. இல்லைன்னா திரிஞ்சுடும். அரிசியைத் தனியா முக்கால் பதம் வேகவச்சு வடிச்சுச் சேர்த்து 15 நிமிஷம் தம். கூடவே ஒரு பெரிய கிண்ணம் வெங்காயப் பச்சடி வச்சா ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கறது தானா குறையும்.

---

உணவியல்_காட்பாடி:

அரை கிலோ நெய்யா! நெய்யையும் சேர்த்தா ஏறக்குறைய அஞ்சு பாக்கெட்டு வருது. ஒரே மாசத்துல மூணரைக்கு இழுக்காதீங்க, நாக்கு ஒத்துக்காது. மாசத்துக்கு அரை பாக்கெட் வீதம் குறைச்சுக்கிட்டே வாங்க. கடைசியில வந்து நிக்க வேண்டிய அளவு நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 120 மி.லி.தான், ஒரு வாரத்துக்கு 840. அதைத் தனி பாட்டில்ல ஊத்தி வச்சுட்டு அது தீர்ந்தா அந்த வாரம் அவ்வளவுதான்னு வச்சுக்கறது தராசை விட லேசு. நெய் விடற நாள்ல அதுக்குத் தக்கபடி பாட்டில்லேர்ந்து கழிச்சுடுங்க.

பி.பி. இருக்கிறவருக்கு யாராவது 'சோடியம் குறைஞ்ச உப்பு' வாங்கித் தந்தா, வாங்கறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க. அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் பலவீனமா இருந்தாலோ, சில பி.பி. மாத்திரைகள் எடுத்துக்கிட்டாலோ ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். இதை எந்தச் சமையல் புத்தகமும் அட்டையில போடாது.

களிக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கறதா இருந்தா கருவாட்டை வெந்நீர்ல 10 நிமிஷம் ஊறவச்சுத் தண்ணியைக் கொட்டிட்டு, மறுபடியும் ஒரு தடவை ஊறவைங்க. குழம்புக்குத் தனியா உப்பு போடாதீங்க, கொதிச்சு முடிஞ்சதும் ருசி பாத்துட்டுத் தேவைன்னா மட்டும் ஒரு சிட்டிகை.